‘ஸ்டாக் இல்ல’ன்னு சொல்லாதே மக்ளே

மார்த்தாண்டத்தில் எங்கள் மெடிக்கலுக்குப் புதிதாய் வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதல் நாளே சொல்வது இதைத்தான். “யாரு வந்து என்ன கேட்டாலும் சரி, குடுக்கக் கூடாத குளிகைன்னா குடுக்க மாட்டோம்னு சொல்லணும். ஸ்டாக் இல்லன்னு மட்டும் சொல்லாதே மக்ளே.”

போன வருஷம் குழித்துறையிலிருந்து வந்து சேர்ந்த பெண் இதைக் கேட்டுத் திகைத்துவிட்டாள். அவள் முன்பு நின்ற கடையில் பழக்கியதே அதைத்தானாம். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ கேட்டு யாராவது வந்தால் முகத்தைப் பார்க்காமல் ‘ஸ்டாக் இல்ல’ என்று சொல்லிவிட வேண்டும். சண்டை வராது, கடைக்கும் கெட்ட பெயர் வராது. நம் ஊர்க் கடைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் அப்பாவும் முப்பது வருஷம் அப்படிச் சொன்னவர்தான்.

அது ஏன் தவறு என்பதை நான் படித்த இடம் கொஞ்சம் விசித்திரமானது. கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், ஒரு கஞ்சாக் கடை.

2021-ல் பி.பார்ம் முடித்துவிட்டு மேல்படிப்புக்கு டொரண்டோ போனேன். படிக்கிற பிள்ளைகள் வாரத்துக்கு 20 மணி நேரம் வெளியில் வேலை செய்யலாம் என்பது அப்போதைய விதி. காபிக் கடையிலும் கிட்டங்கியிலும் அலைந்து கடைசியில் ஸ்கார்பரோ பக்கம் ஒரு கடையில் கவுன்டர் வேலை கிடைத்தது. கனடா 2018 அக்டோபர் 17-ல் கஞ்சாவைச் சட்டப்படி விற்க அனுமதித்த நாடு. ஒன்டாரியோவில் நேரில் போய் வாங்கும் கடைகள் 2019 ஏப்ரல் 1 முதல் திறந்தன. வீட்டுக்கு போன் பண்ணும்போது அம்மாவிடம் ‘மெடிக்கல் மாதிரி ஒரு கடை’ என்று மட்டும் சொன்னேன். அந்தப் பொய் ரொம்ப நாள் உறுத்தியது. திரும்பி வந்த பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

கஞ்சா நல்லதா கெட்டதா என்று பேச நான் இதை எழுதவில்லை. இங்கே என்.டி.பி.எஸ். என்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 முதல் இருக்கிறது, கஞ்சா வைத்திருப்பதும் விற்பதும் குற்றம், அவ்வளவுதான். ஆனால் ஆபத்துள்ள ஒரு பொருளை, கேட்டு வருகிற ஆளிடம் எப்படி விற்பது, எப்படி விற்காமல் இருப்பது என்று அந்தக் கடையில் கற்றுக்கொடுத்தது போல எனக்குக் கல்லூரியில்கூட யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அங்கே கவுன்டரில் நிற்க முன்அனுபவம் தேவையில்லை. ஆனால் மாகாணம் ஒப்புக்கொண்ட பயிற்சி ஒன்றை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வயதைச் சரிபார்ப்பது, போதையில் வருகிறவரை அடையாளம் காண்பது, என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது, எல்லாம் அதில் உண்டு. 19 வயது ஆகாத யாரும் கடைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. 25 வயதுக்குக் கீழே தெரிகிற யாரிடமும் அடையாள அட்டை கேட்டே ஆக வேண்டும். ஒரே தடவையில் ஒருவருக்கு 30 கிராம் உலர்ந்த கஞ்சா, அல்லது அதற்குச் சமமான வேறு வடிவம், அதற்கு மேல் கிடையாது.

சட்டம் இப்படித் தெளிவாய்த்தான் இருக்கிறது. மனுஷர்தான் தெளிவாய் வருவதில்லை.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம், பனி கொட்டுகிற சாயங்காலம், ஒருவர் தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்தார். ஒரு வயது இருக்கும், நல்ல உறக்கம். அவருக்கு நாற்பதுக்கு மேல், அட்டையும் காட்டினார். வெளியே மைனஸ் பன்னிரண்டு. குழந்தை கஞ்சா வாங்கவா வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றியது. உள்ளே விட்டுவிட்டேன். மேனேஜர் பின்னாலிருந்து வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டு, வாசல் வரைக்கும் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போய், “உங்கள் மனைவியோ நண்பரோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும்போது வாருங்கள், இரவு பதினொரு மணி வரை திறந்திருப்போம்” என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆளுக்குக் கோபம்தான், ஆனால் மறுநாள் வந்தார்.

எனக்கு அதில் உறைத்தது ஒன்றுதான். மேனேஜர் ‘முடியாது’ என்று சொன்ன அதே மூச்சில் அடுத்த வழியையும் சொன்னார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: “விதியைச் சொல்லும்போது அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதே. ‘நீங்கள் குழந்தையோடு வந்தீர்கள்’ என்று தொடங்காதே. ‘நாங்கள் இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று தொடங்கு.”

இன்னொரு சம்பவம் இப்போதும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அங்கே மிட்டாய், சாக்லேட் வடிவிலும் கஞ்சா விற்பார்கள். ஒரு பாக்கெட்டில் போதை தரும் டி.எச்.சி. மொத்தமே 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் தடவை தின்கிறவர் 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ தொடங்க வேண்டும் என்பதுதான் அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. புகைத்தால் சில நிமிஷத்தில் ஏறிவிடும். தின்றால் அரைமணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், முழுசாய் ஏற நாலு மணி நேரம் வரை ஆகலாம்.

ஒரு ஐம்பது வயதுக்காரர், முதல் தடவை வருகிறேன் என்று அவராகவே சொன்னவர், மூன்று பாக்கெட் வாங்கினார். அளவைச் சொன்னேன். நேரத்தையும் சொன்னேன்தான், ஆனால் எப்படிச் சொன்னேன்? பில் போட்டுக்கொண்டே, அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்தார். ஏழு மணிக்கு ஒரு பாக்கெட் தின்றாராம், முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. சரக்கு சரியில்லை என்று இரண்டாவதும் மூன்றாவதும் தின்றிருக்கிறார். ராத்திரி முழுக்க நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோம் என்று பயந்து, மனைவி ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறார். அவர் என்னைத் திட்டவில்லை. “நீ எனக்கு இதைச் சொன்னாயா?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து அந்தக் கடையில் ஒரு பழக்கம் வந்தது. காசு வாங்கி, பொருளைக் கையில் கொடுப்பதற்கு முன், வாங்குகிறவர் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு விஷயம். ஐந்து எச்சரிக்கை சொன்னால் ஒன்றும் நிற்காது. அந்த ஆளுக்கு எது முக்கியமோ அந்த ஒன்று. தின்கிற பொருள் என்றால் நேரம்தான்: “இரண்டு மணி நேரம் ஆகாமல் இரண்டாவது தொடாதீர்கள்.” அவர் அதைத் திருப்பிச் சொல்லும் வரை பொருள் நம் கையில்.

இந்த ஒன்றை நான் மார்த்தாண்டத்துக்கு அப்படியே கொண்டுவந்துவிட்டேன். நம்மூரில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 போட்டுவிட்டு, அரைமணியில் குறையவில்லை என்று இன்னொன்று போடுகிற வழக்கம் எத்தனை வீட்டில்! கூடவே சளிக்கு என்று வாங்கின மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராமைத் தாண்டினால் ஈரல் கெடலாம். ரப்பர் பால் வெட்டுகிற ஒரு மாமா விடியக்காலை மூன்று மணிக்கே எழுந்து ஓடுகிறவர், மேல்வலிக்கு ஒரே நாளில் எட்டு குளிகை போட்டதாகச் சாதாரணமாய்ச் சொன்னார். இப்போது எங்கள் பிள்ளைகள் கவரைக் கொடுக்குமுன் கேட்கிறார்கள்: “மாமா, அடுத்தது எப்பம் போடணும்?” அவர் “ஆறு மணிக்கூறு கழிஞ்சு” என்று சொன்ன பிறகுதான் கவர் கை மாறும். வரிசை நீளும், சிலர் சலித்துக்கொள்வார்கள். நீளட்டும்.

ஸ்கார்பரோவில் ஈழத் தமிழர்கள் நிறைய. நான் தமிழ் என்று தெரிந்ததும் என் கவுன்டருக்கே வருவார்கள். ஒரு அம்மா, எழுபது தாண்டியவர், கைத்தடியோடு வந்து மெதுவாய்ச் சொன்னார்: “பிள்ளை, முழங்கால் சரியான நோ. இரவில நித்திரை இல்லை. பக்கத்து வீட்டு மனுசி ஏதோ எண்ணெய் பாவிக்கிறா, நல்லது எண்டு சொன்னவ.”

அவர் கேட்டது கஞ்சாச் செடியிலிருந்தே எடுக்கிற சி.பி.டி. எண்ணெய். அது டி.எச்.சி. போலக் கிறங்க வைக்காது. ஆனால் அங்கே நாங்கள் எந்த நோய்க்கும் இது நல்லது என்று சொல்லக் கூடாது. மருத்துவர் எழுதித் தருகிற கஞ்சாவுக்குத் தனி வழி உண்டு, அனுமதி பெற்ற நிறுவனம் நேராக வீட்டுக்கு அனுப்பும். எங்கள் கடை அதற்கானதல்ல. நானோ பி.பார்ம் படித்தவள். வாயில் வந்துவிட்டது: “அம்மா, வேற என்ன மருந்து எடுக்கிறீங்க?” பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் வார்ஃபரின். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கிற மருந்து. சி.பி.டி. அதோடு சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடி இரத்தக் கசிவு வரலாம்.

அந்தக் கடையில் நான் மருந்தாளுநர் இல்லை, விற்பனைப் பெண். தெரிந்தும் வாயை மூடுவதா, எல்லை மீறி வைத்தியம் சொல்வதா? இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. கடைசியில் ஒரு துண்டுத் தாளில் ‘சி.பி.டி., வார்ஃபரின்: சேர்த்து எடுக்கலாமா?’ என்று ஆங்கிலத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். “அம்மா, இதை நான் இண்டைக்கு உங்களுக்கு விக்க மாட்டன். நீங்க மருந்து வாங்கிற பார்மசியில இந்தத் தாளைக் காட்டுங்கோ, அவை சொல்லட்டும்.” அவர் பேச்சே எனக்கும் தொற்றிக்கொண்டிருந்தது. ஒரு விற்பனையை விட்டதற்கு மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் துண்டுத் தாள் யோசனையைக் கடை முழுக்கப் பழக்கிவிட்டார்.

கேள்வியை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவது, அதற்கு மேல் நாம் போகாமல் இருப்பது. கவுன்டரில் நிற்கிற யாருக்கும் இது போதுமென்று நினைக்கிறேன். இன்றைக்கும் எங்கள் கடையில் பழைய பிரிஸ்கிரிப்ஷன் தாள்களின் பின்பக்கத்தைச் சின்னதாய் வெட்டிக் கட்டி வைத்திருக்கிறோம்.

2024-ல் ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு முடியவில்லை, கடையை நான் பார்க்க வேண்டியதாயிற்று. முதல் வாரமே தெரிந்துவிட்டது, இங்கே சிக்கல் வேறு மாதிரி. அங்கே வருகிறவர் அந்நியர், அட்டை கேட்பது எளிது. இங்கே கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது சித்தி மகன், பள்ளியில் படிப்பித்த சார், சபையில் பக்கத்து பெஞ்சில் இருக்கிற அக்கா. “எனக்கு நீ சீட்டு கேக்கியா பிள்ளே?” என்ற அந்த ஒரு கேள்விக்கு முன்னால் எந்தச் சட்டமும் நிற்காது.

அதனால்தான் நம் கடைகள் ‘ஸ்டாக் இல்ல’ என்ற பொய்யைப் பிடித்துக்கொண்டன. ஆளும் புண்பட மாட்டார், மருந்தும் போகாது. ஆனால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அவர் அடுத்த கடைக்குப் போவார். இல்லையென்றால் நாளைக்கு ஸ்டாக் வந்துவிட்டதா என்று கேட்டு வருவார். நாளைக்கும் பொய். நாலாம் நாள், சீட்டோடு வருகிற ஒரு நோயாளிக்கு அதே மாத்திரையை எடுத்துக் கொடுப்பதை அவர் பார்த்துவிடுவார். சண்டை அப்போதுதான் பெரிதாய் வரும், ‘எனக்கு மட்டும் இல்லையா?’ என்று. எல்லாவற்றையும்விட மோசம், கவுன்டரில் நிற்கிற பதினெட்டு வயதுப் பிள்ளை பொய் சொல்லிப் பழகிவிடுகிறது. அந்த வாய் பிறகு காலாவதி மருந்துக்கும் பொய் சொல்லும், பில்லுக்கும் பொய் சொல்லும்.

எனவே முதல் வேலையாய் அப்பாவின் நெருங்கிய கூட்டாளி ஒருவரிடமே தொடங்கினேன். மாசாமாசம் பத்து தூக்கக் குளிகை சீட்டில்லாமல் வாங்குகிறவர். “மாமா, இதுக்கு இனி சீட்டு வேணும். எல்லாருக்கும் அப்படித்தான், அப்பாவுக்கும் அப்படித்தான்.” முகம் சுருங்கியது. பதினைந்து நாள் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு சீட்டோடு வந்தார். அவரிடமே சீட்டு கேட்டோம் என்பது சந்தையெல்லாம் பரவிவிட்டது. மற்றவர்களிடம் கேட்பது அதனால் பாதி எளிதாயிற்று. விதியை முதலில் நமக்கு வேண்டியவர் மேல் போட வேண்டும். புது ஆளிடமிருந்து தொடங்கினால் அது பாரபட்சமாகத்தான் தெரியும்.

பிள்ளைகளுக்குச் சட்டத்தை நான் புத்தகமாய்ச் சொல்வதில்லை. மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, சிவப்பு எழுத்தைத் தேடச் சொல்வேன். சிவப்பில் ‘என்.ஆர்.எக்ஸ்.’ என்று இருந்தால் மனசை மயக்குகிற வகை. சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தால், சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாத எச்1 பட்டியல். 2014 மார்ச் முதல் அவற்றுக்குத் தனிப் பதிவேடு உண்டு: எழுதிய டாக்டர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை. மூன்று வருஷம் பத்திரமாய் வைத்திருக்க வேண்டும். நாங்கள் எல்லைப் பக்கம் இருக்கிறவர்கள், பாறசாலை, நெய்யாற்றின்கரை டாக்டர்களின் சீட்டும் தினம் வரும். அது செல்லும். ‘கேரளாச் சீட்டு’ என்று திருப்பி அனுப்பக் கூடாது, தேதியும் கையெழுத்தும் பதிவு எண்ணும் பார்த்தால் போதும்.

காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன் கால்மணி நேரம் நாடகம் நடத்துவோம். ஒருத்தி வாடிக்கையாளர், ஒருத்தி கவுன்டர். கோபக்காரர், அழுகிறவர், ‘இன்ஸ்பெக்டர் எனக்க மச்சான்’ என்கிறவர், தோளைத் தட்டி ‘மக்ளே மக்ளே’ என்று குழைகிறவர் என்று மாறி மாறி வருவோம். கையை எங்கே வைப்பது என்பதுகூடப் பயிற்சிதான். மாத்திரையைக் கவுன்டர் மேல் எடுத்து வைத்துவிட்டுச் சீட்டு கேட்கவே கூடாது. கண்ணால் பார்த்த பிறகு மறுத்தால் பிடுங்கின மாதிரி ஆகிவிடும். முதலில் சீட்டு, பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். குரலைத் தாழ்த்த வேண்டும், பின்னால் நிற்கிறவருக்குக் கேட்கக் கூடாது. மூன்று தடவைக்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டாம், என்னைக் கூப்பிட வேண்டும். இருபது வயதுப் பையன்கள் வலி மாத்திரையைப் பெயர் சொல்லி, எண்ணிக்கை சொல்லிக் கேட்டால், ‘யாருக்கு, என்ன வலி?’ என்று ஒரே கேள்வி. வலி உள்ளவன் வலியைப் பற்றிப் பேசுவான். மற்றவன் மாத்திரையைப் பற்றியே பேசுவான். அவனையும் திட்டி அனுப்ப வேண்டாம் என்பேன். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண் எங்கள் துண்டுத் தாளில் அச்சடித்தே இருக்கிறது. அதைக் கொடுத்தால் கசக்கிப் போடுகிறவர்கள் உண்டு. மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன் ஒருவனையும் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் என்னிடம் ரகசியமாய்க் கேட்பது இன்னொன்று. “உனக்கு அங்கத்த கடை தெரியுமே, மோன் லீவுக்கு வரும்பம் முட்டுவலிக்கு அந்த மிட்டாய் கொண்டுவரட்டா?” வேண்டவே வேண்டாம். கனடாவிலேயே அதை எல்லை தாண்டி எடுத்துப்போவது குற்றம், இங்கே இறக்குவதும் குற்றம். அங்கே கடையில் பில் போட்டு வாங்கியது என்பது நம் விமான நிலையத்தில் செல்லாது. பையனின் வேலையும் விசாவும் ஒரு மிட்டாயில் போய்விடும். கஞ்சா விதை வேறு, அதை உணவாக விற்க 2021-ல் அனுமதி வந்துவிட்டது. இலையில் செய்த ஆயுர்வேத மருந்தும் உண்டு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும். யூடியூபைப் பார்த்துவிட்டு ‘கஞ்சா எண்ணெய்’ கேட்டு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறோம்.

ஆனால் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கடற்கரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் நாலாய் மடித்த, விளிம்பு கிழிந்த ஒரு சீட்டு. 2017 டிசம்பர். ஒக்கி புயல் அடித்த மறுமாதம். வழக்கமாய் வாங்குகிற கடை மூடியிருந்ததாம். “எனக்க மோன் இப்பமும் கடலுக்குத்தான் போறான் மக்ளே. அவன் போனா எனக்கு ஒறக்கம் இல்ல. நாலு குளிய தா, போதும்.”

இத்தனை வருஷமாய் தினமும் போடுகிறார். கொடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த வகை மாத்திரையைப் பல வருஷம் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரைக்கும் வரலாம். ‘சீட்டு பழசு, போங்க’ என்றால் அவரை நானே ஆபத்தில் தள்ளுகிறேன். ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தேன். கடைசியாய் எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். நேற்று ராத்திரி. பக்கத்தில் ஒரு டாக்டருக்கு போன் பண்ணி நிலைமையைச் சொல்லி, குழித்துறைப் பெண்ணை ஆட்டோவில் கூடவே அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் புதுச் சீட்டோடு வந்தார்கள், ஒரு வாரத்துக்கு மட்டும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைக்க ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார் டாக்டர். ராத்திரி மனசு தாங்காமல் போனால் 14416-க்கு போன் பண்ணலாம், காசில்லை, தமிழில் பேசுவார்கள் என்று துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். அந்தப் பெண் ஆட்டோ கூலியை என்னிடம் கேட்கவே இல்லை. நான்தான் மூன்று நாள் கழித்து ஞாபகம் வந்து கொடுத்தேன்.

எனக்கு இன்னும் பிடிபடாதது குழந்தைகள் விஷயம். ஒன்டாரியோவில் ஒரு வயதுக் குழந்தையையே வாசலில் நிறுத்தினோம். இங்கே பாட்டிக்குத் தூக்கக் குளிகை வாங்கப் பத்து வயதுப் பையனைக் காலி அட்டையோடு அனுப்புகிறார்கள். சீட்டும் சரியாகவே இருக்கும், வீட்டில் வேறு ஆள் இருக்காது. போன வாரம் அப்படி ஒருவன் வந்தான், யூனிபார்மில், ஒரு கையில் அட்டை, ஒரு கையில் ஐஸ். நாங்கள் வீட்டுக்கு போன் பண்ணினோம். பாட்டிக்கு நடக்க முடியாது. கடையை மூடிவிட்டுப் போகிற வழியில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தினமும் அது முடியுமா என்று தெரியவில்லை. இப்போதைக்குப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடுகளின் பெயரை எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை பதினொன்று.